பொறளையும் மேரி இரத்தினமும் ஒரு கிளினிக் அட்டையும்

தாய் சேய் நலத்தில் இலங்கை அடைந்த முன்னேற்றத்தை உலக வங்கி முதல் உலக சுகாதார நிறுவனம் வரை பலரும் பாராட்டியிருக்கிறார்கள். 1926இல் களுத்துறையில் ஆரம்பமான முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்தே அந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். அது சரியானதுதான். ஆனால் கொழும்பு நகருக்கு அதற்கு முந்திய கதையொன்று உண்டு. அதிலே தமிழ்ப் பெயரொன்றைத் தாங்கிய கனேடியப் பெண்மணி ஒருவரும் வருகிறார்.

சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற செல்வந்தரின் கொடையால் 1879இல் பொறளைப் பகுதியிலே பிரசவ மனையொன்று உருவானது. இன்று அது டி சொய்சா மகளிர் வைத்தியசாலை. வீட்டிலே பெற்றெடுப்பதே கௌரவம், வைத்தியசாலை நாதியற்றவர்களுக்குரிய இடம் என்று கருதப்பட்ட காலம் அது. பின்னர் ஆளுநர் ஹவ்லொக்கின் மனைவி பெயரில் பெண்கள் வைத்தியசாலையும், ஆளுநர் றிட்ஜ்வேயின் மனைவி பெயரில் சிறுவர் வைத்தியசாலையும் வந்தன. ஆளுநர்களின் மனைவியர் பெயர் சுவர்களில் நிலைத்தது. உள்ளே இரவு பகலாக உழைத்தவர்களின் பெயரை யார் அறிவார்!

மேரி ஏர்வின் அவ்வாறு உழைத்தவர். கனடாவில் மருத்துவம் படித்து, 1896இல் அமெரிக்க மிஷன் பணிக்காக இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத் தமிழரான எஸ்.சி.கே. இரத்தினத்தை அவர் மணந்திருந்ததை மிஷனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தொடர்பு முறிந்தது. மிஷன் கைவிட்ட வைத்தியரைக் கொழும்பு ஏற்றுக்கொண்டது. லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் பணியாற்றிய அவர், பின்னர் தனியாகவும் வைத்தியம் பார்த்தார். ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கு அவர் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்மணியும் அவரே. கருத்தடை ஆலோசனை நிலையமொன்றையும் 1930களில் அவர் தொடங்கினார். அந்தக் காலத்தில் அதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். 1958இல் மக்சேசே விருது பெற்றார், 1962இல் மறைந்தார். எம்மவரில் எத்தனை பேர் அவரை நினைவில் வைத்திருக்கிறோம்?

மலேரியா கோரத்தாண்டவமாடிய 1935இல், இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் முதலாண்டிலேயே இறந்தன. 1950இல் அத்தொகை 82. மலேரியாவின் வீழ்ச்சி, இலவச வைத்தியம், பெண் கல்வி எனக் காரணங்கள் பல. எனினும் ஒழுங்கைக்குள் நடந்து வந்த மருத்துவமாதுவுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு வந்த மருத்துவமாது சிங்களப் பெண்மணி. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சந்தைத் தமிழ். "பிள்ளை பால் குடிக்குதா?" என்று கேட்பார். குடையை வாசலில் சாத்திவிட்டு, தராசைக் கொழுவித் தங்கையை நிறுப்பார்.

1983 ஆடியில் வீடு எரிந்தது. தங்கைக்கு அப்போது பத்து மாதம். அகதி முகாமிலிருந்து திரும்பியபோது எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எந்தத் தடுப்பூசி போடப்பட்டது, எது எஞ்சியிருக்கிறது என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். அந்த அம்மையார் எதுவும் பேசாமல் பெரிய பதிவேட்டைப் புரட்டினார். தங்கையின் பெயர் இருந்தது. ஊசி போட்ட திகதிகள் இருந்தன. புதிய அட்டையொன்றில் ஒவ்வொன்றாக எழுதி, எடையையும் பார்த்துக் குறித்தார். பிறகுதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

தங்கை இப்போது ரொறன்ரோவில். அவருடைய பிள்ளைகளுக்கு அங்கே தடுப்பூசிப் பதிவு கேட்டபோது, தனது பழைய அட்டையையும் கூடவே கொண்டுபோய்க் காட்டியதாகச் சொன்னார். அதிலுள்ள சிங்கள எழுத்தை அங்கிருந்த தாதியால் வாசிக்க முடியவில்லையாம். திகதிகளை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.