கணக்குக் கேட்கப்படும் நாள்

தாலந்துகளின் உவமையில், பணத்தைப் பெற்று வட்டியோடு திருப்பித் தருகிறவர்களைக் குறிக்க நம் தமிழ் வேதாகமம் 'காசுக்காரர்' என்னும் சொல்லைக் கையாளுகிறது. காரைக்குடிக்கும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களுக்கும் அச்சொல் அந்நியமானதன்று. பேரேடும் ஐந்தொகையும் அன்றாட மொழியாயிருந்த மண் இது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பணம் கைவிடப்படும்போது நேர்வது என்ன என்பதை, இந்த மண்ணையும் தொட்ட ஒரு வரலாற்றின் வழியே இவ்வாரம் சிந்திப்போம்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையின் பெரும் ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் ஒன்றான அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. ஓய்வூதியம் பெற்றோர், விதவைகள், சிறுகச் சிறுகச் சேர்த்தோர் எனப் பலரும் அங்கே பணம் போட்டிருந்தனர். லண்டனிலிருந்த கூட்டாளி ஊக வணிகத்தில் பெருந்தொகையை இழந்திருந்தார். உள்ளே குழி விழுந்த பின்னும், வெளியே வைப்புத்தொகை பெறுவது நிற்கவில்லை. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் வழக்கு மன்றத்தில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் பெற்றார். ஆனால் தண்டனை, இழந்தவர்களின் பணத்தை மீட்டுத் தரவில்லை.

அந்த இடிபாட்டிலிருந்து ஒரு நன்மையும் எழுந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் முயற்சியும் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் முதலும் இணைந்து, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொழிலைத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1937 பிப்ரவரி 10 அன்று, எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது.

எனினும், நேர்மை இருந்தும் பணம் முடங்கும் வேளை உண்டு. 1930இல் அரிசி விலை வீழ்ந்தபோது, பர்மிய விவசாயிகள் செட்டியார்களிடம் வாங்கிய கடனைத் திருப்ப முடியவில்லை. ஈடாக நிலமே வந்து சேர்ந்தது. 1937 அளவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் வசமிருந்தது. சொத்து இருந்தது, கேட்பவருக்குக் கொடுக்கக் காசு இல்லை. பின்பு போரும் நில உடைமைச் சட்டங்களும் அந்த நிலத்தையும் பறித்தன.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1933 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளுக்கும் சில நாள் விடுமுறை அறிவித்தார். பின்பு வைப்புக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் அந்தப் பாதுகாப்பு வரத் தாமதமாயிற்று. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பின்னரே, 1962 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று வரம்பு 1,500 ரூபாய்; 2020 முதல் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய். பல வங்கிகளும் செலுத்தும் சிறு பங்குகளே இந்நிதியின் ஆதாரம். ஒருவர் வீழ்ந்தால் மற்றவர்கள் தாங்கும் ஏற்பாடு அது.

அன்பானவர்களே, இந்தக் காப்பு வங்கிகளுக்கு மட்டுமே. சீட்டுக்கும், தனியார் நிதி நிறுவனங்களுக்கும், அதிக வட்டி தருவதாக அழைக்கும் திட்டங்களுக்கும் அது கிடையாது. ஓய்வூதியப் பணத்தையும் மகளின் திருமணச் சேமிப்பையும் ஒப்படைக்குமுன், எங்கே, எந்தப் பாதுகாப்போடு என்று கேளுங்கள். கேட்பது அவிசுவாசமன்று, விவேகம்.

நம்மில் சிலர் சங்கத்தின், குழுவின், சபையின் பணத்தைக் கையில் வைத்திருக்கிறோம். அது நமதன்று. இழப்பை மறைத்துப் புதிய பணத்தைப் பெறுகிற நாளிலேயே கதவு உள்ளிருந்து அடைபடுகிறது. வெளியே பூட்டுத் தொங்குவது பிற்பாடுதான். உவமையின் எஜமான் திரும்பிவந்து கணக்குக் கேட்டான். அந்நாளில் ஏட்டைத் திறந்து காட்டக்கூடியவர்களாய் இன்றே வாழ்வோமாக.