கூழும் கெட்டியும்: அப்பாவின் ரிப்போர்ட்டிலிருந்து ஒரு வரலாறு

கருங்குழியிலிருந்து பேசுறேன். வள்ளலார் விளக்கேத்துன கருங்குழி இல்லைங்க, அது வடலூர் பக்கம். இது மதுராந்தகத்துக்குப் பக்கத்துல இருக்குறது.

போன மாசம் அப்பா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோட வந்தாரு. "கொலஸ்ட்ரால் நார்மல்டா. அப்போ ரத்தக்குழாய் நல்லாத்தானே இருக்கு? பிரஷர் மாத்திரை எதுக்கு?" யாரையும் கேட்காம நிறுத்தி பத்து நாளாச்சாம். அளந்து பார்த்தா 164/72. "கீழ் நம்பர் சரியா இருக்கே"ன்னு அதுக்கும் ஒரு வாதம்.

சரி, கொலஸ்ட்ரால் நார்மல்னா குழாயும் நார்மலா? இந்தக் குழப்பம் அப்பாவோடது மட்டும் இல்லை.

1829இல் லோப்ஸ்டைன் என்பவர் தமனி கெட்டிப்படுவதற்கு 'ஆர்ட்டீரியோஸ்க்ளிரோசிஸ்' என்று பெயர் வைத்தார். 1904இல் ஜெர்மனியின் மார்ஷாண்ட் 'அதிரோஸ்க்ளிரோசிஸ்' என்றார். 'அதிரே' என்றால் கிரேக்கத்தில் கூழ். உள்சுவரில் கூழ் மாதிரி படிகிற கொழுப்பைத்தான் சொன்னார். 1913இல் ரஷ்யாவின் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தின்னக் கொடுத்து அந்தக் கூழை வரவழைத்துக் காட்டினார். அதுக்கப்புறம் 'அடைப்பு' என்ற படம் எல்லார் மனசிலும் உட்கார்ந்துவிட்டது. கெட்டிப்படுறது தனிச் சங்கதி என்பது மறந்தே போச்சு.

அந்தத் தனிச் சங்கதியோட கதை இன்னும் பழசு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது. (பாவம் குதிரை.) இதயம் விட்டுவிட்டுத் தள்ளினாலும் ரத்தம் தொடர்ந்து ஓடுவது எப்படி? தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறை மாதிரி பெருந்தமனி விரிந்து சுருங்குவதால்தான் என்றார்.

வயசும் அழுத்தமும் சேர்ந்து அந்த ரப்பர் குணத்தைத் தேய்க்கின்றன. சுவரின் நடுவில் இருக்கும் எலாஸ்டின் இழைகள் அறுந்து, குழாய் பிவிசி பைப் மாதிரி ஆகிறது. 1922இல் பிராம்வெல், ஹில் இருவரும் இதைக் கணக்காக்கினார்கள்: குழாய் விறைத்தால் நாடி அலை வேகமாக ஓடும். அந்த அலை சீக்கிரம் திரும்பி வந்து மேல் நம்பரை ஏற்றும். கீழ் நம்பர் இறங்கும். அப்பாவோட 164/72 அப்படிப்பட்ட கணக்குதான். கீழ் நம்பர் சரியா இருக்குன்னு சந்தோஷப்பட அதுல ஒண்ணும் இல்லை.

2009இல் லண்டன் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அலையின் வேகத்தோடு வயசும் ரத்த அழுத்தமும் பத்தில் ஒன்பது ஆய்வுகளில் ஒத்துப்போயின. கொலஸ்ட்ராலுக்குப் பெரும்பாலானவற்றில் அப்படித் தனித் தொடர்பே இல்லை. நம்ம சென்னையில் 2002இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் தமனி தடித்தும் விறைத்தும் இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு.

அதுக்காகக் கொலஸ்ட்ராலை விட்டுடலாம்னு இல்லைங்க. மாரடைப்புக்குக் கூழ்தான் பெரிய குற்றவாளி. ஆனா அது நல்லா இருக்குறது இன்னொண்ணுக்குச் சான்றிதழ் ஆகாது.

இதையெல்லாம் சொன்னப்போ அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அந்தக் குதிரை பொழைச்சுதா?" இல்லைன்னேன். மறுநாள் காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சு. நேத்து பார்த்தப்போ 148/74.