கருணைக்கொலையும் இந்திய நீதிமன்றங்களும்: முடிவெடுப்பவர் யார் என்னும் வினா

இந்தியாவில் கருணைக்கொலை பற்றிய விவாதம் ‘இறக்கும் உரிமை உண்டா?’ என்னும் வினாவாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. தீர்ப்புகளைக் கால வரிசையில் படிக்கும்போது, நீதிமன்றங்களை மிகுதியும் இடர்ப்படுத்தியது வேறொரு வினா என்பது புலனாகிறது. தன் விருப்பத்தைச் சொல்ல இயலாத நோயாளிக்காக முடிவெடுக்கத் தகுதியுடையவர் யார் என்பதே அது.

தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு செல்லாது என்று 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1996இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றியது. வாழும் உரிமையில் இறக்கும் உரிமை அடங்காது. ஆயின், இயற்கை மரணம் தொடங்கிவிட்ட நிலையில் மாண்புடன் இறத்தல் அவ்வுரிமையின் பகுதியாகலாம் என்றது அத்தீர்ப்பு. பிற்கால வாதங்கள் பலவும் இந்தச் சிறு இடைவெளி வழியாகவே நுழைந்தன.

அருணா ஷான்பாக் வழக்கில்தான் வினா கூர்மை பெற்றது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியரான அவர், 1973 நவம்பரில் அங்கேயே பாலியல் தாக்குதலுக்கு உள்ளாகி மூளை பாதிக்கப்பட்டார். அவரைப் பற்றி நூல் எழுதிய பிங்கி விரானி, அவருடைய ‘உற்ற நண்பர்’ என்ற நிலையில் உணவூட்டலை நிறுத்தக் கோரினார். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. பல்லாண்டுகள் குளிப்பாட்டியும் உணவூட்டியும் பேணிய மருத்துவமனைப் பணியாளர்களே உற்ற நண்பர் என்றது. அவர்களோ அவர் வாழவேண்டும் என்றனர். உரிமையை எழுத்தாலன்றிப் பராமரிப்பால் அளந்த இப்பகுதியே அத்தீர்ப்பின் வலிமையான பகுதி என்பது என் கருத்து. மனு தோற்றபோதும், உயர் நீதிமன்ற ஒப்புதலுடன் செயலற்ற கருணைக்கொலை அனுமதிக்கப்பட்டது. 2015 மே 18 அன்று அருணா நிமோனியாவால் இறந்தார்.

இத்தீர்ப்பின் சட்ட அடித்தளம் பழுதுடையது. கியான் கவுர் தீர்ப்பு, பிரிட்டனின் ஏர்டேல் வழக்குத் தீர்ப்பை ஏற்றதாக 2011 அமர்வு கருதிவிட்டது. உண்மையில் அது மேற்கோளாகவே காட்டப்பட்டிருந்தது. 2014இல் மூவர் அமர்வு இம்முரணைச் சுட்டி, ‘காமன் காஸ்’ அமைப்பின் 2005ஆம் ஆண்டு மனுவை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. 2018 மார்ச் 9 தீர்ப்பு, நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. அதில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும் என்ற விதி நடைமுறையில் தடையாகவே, 2023 சனவரியில் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் சான்று போதும் என்று தளர்த்தப்பட்டது.

ஆவணம் இல்லாதபோது முடிவு மீண்டும் குடும்பத்தாரிடமும் மருத்துவர்களிடமும் வருகிறது. இவ்விடத்தில் விருதுநகர் வட்டாரத்துத் தலைக்கூத்தலை நினைக்காதிருக்க இயலாது. முதுமையால் படுக்கையில் விழுந்தவரை எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் புகட்டிச் சாகவிடும் இவ்வழக்கத்தைக் கருணைக்கொலையின் நாட்டார் வடிவமாகக் கொள்வாரும் உளர். அது ஏற்பதற்கில்லை. தானே உண்ணாநோன்பேற்று வடக்கிருந்தவரின் முடிவு அவருடையது. தலைக்கூத்தலில் முடிவு பிறருடையது. 2018 தீர்ப்பு வகுத்த இரு மருத்துவக் குழுக்களும் மருத்துவமனைப் படுக்கையையே முன்வைத்தவை. வீட்டுத் திண்ணையில் கிடக்கும் முதியவரிடம் அவரது விருப்பத்தைக் கேட்க எந்தக் குழுவும் வருவதில்லை.