மெலிவும் பருமனும்: திருவனந்தபுரத்தில் பிள்ளை உணவுக் கவலையின் வரலாறு

முன்னுரை

பிள்ளை போதிய அளவு உண்கிறதா, இளைத்துப்போகிறதா, அளவுக்கு மீறிப் பெருக்கிறதா என்னும் கவலை, பெற்றோரின் மனத்துக்குள் அடங்கிய தனிப்பட்ட கவலையாகவே பெரிதும் கருதப்படுகிறது. ஆயின் ஒரு காலத்துப் பெற்றோர் எதைக் கண்டு அஞ்சினர் என்பதை அக்காலத்து நெல்விளைவும் சந்தையும் அரசின் கொள்கையும் மருத்துவ அளவைகளும் சேர்ந்தே முடிவு செய்துள்ளன. இதற்குத் திருவனந்தபுரம் தக்க சான்றாகும். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அந்நகரம் மெலிவைப் பற்றிய அச்சத்திலிருந்து பருமனைப் பற்றிய அச்சத்துக்கு வந்து சேர்ந்தது. முன்னைய அச்சம் தீர்ந்தபின் பின்னையது தோன்றியது என்னும் பொதுக்கருத்து பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கிய மரபில் ஊட்டும் கவலை

தமிழ் இலக்கியத்தில் பிள்ளை உண்ணும் காட்சி இன்பத்தின் அடையாளமாகவே முதலில் இடம்பெறுகிறது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடல், நெய்ச்சோற்றைச் சிறுகையால் அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் மக்களைப் பெறாதவர் வாழ்வு பயனற்றது என்னும் கருத்துடையது. போதனார் பாடிய நற்றிணை 110ஆம் பாடலில் கவலை தலைகாட்டுகிறது. பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்தி, பூச்சுற்றிய கோலைக் காட்டி மிரட்டிப் பின்தொடரும் முதிய செவிலியரிடமிருந்து ஓடி ஒளிந்த சிறுமி, மணமானபின் கணவன் குடி வறுமையுற்றபோது ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். தந்தை வீட்டுச் செழிப்பான உணவை அவள் நினைத்தும் பார்ப்பதில்லை. ஊட்ட முயலும் கையும் உண்ண மறுக்கும் வாயும் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையவை என்பதை இப்பாடல் காட்டுகிறது. அவ்வாறு மறுக்கும் உரிமை வளமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே வாய்த்தது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

மிகையுண்டியின் தீமையை மரபு அறியாமல் இல்லை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ண வலியுறுத்துகிறது. சிறுவர் முதலில் கற்கும் ஆத்திசூடியிலும் மிகையாக உண்பதை விலக்கும் அறிவுரை உண்டு. எனினும் இவ்விடங்களில் பேசப்படுவது உண்பவரின் அடக்கமே தவிர ஊட்டுவோரின் கவலையன்று. தேரூரில் பிறந்து திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954), உடல்நலம் பேணுதல் பற்றிய தம் பாடலில் பசித்தபின் உண்பதையும் தூய காற்றையும் நல்ல நீரையும் போற்றுகிறார். எளிய பாடலால் நலவாழ்வு நெறியைப் பரப்பும் இம்முயற்சி, பொதுச் சுகாதாரம் அரசின் பணியாக உருப்பெற்றுவந்த காலத்தைச் சேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மரச்சீனியும் அரிசிப் பஞ்சமும்

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய நெல் முழுவதையும் தானே விளைத்த நாடன்று. நாஞ்சில் நாடும் குட்டநாடும் அதன் நெற்களஞ்சியங்களாக விளங்கியபோதும், பெருகிய மக்கள்தொகைக்கு அவை போதவில்லை. தென்னை, மிளகு, இரப்பர் போன்ற பணப்பயிர்களுக்கு நிலம் சென்றுகொண்டிருந்தது. பர்மாவிலிருந்து வந்த அரிசியே பற்றாக்குறையைப் பெரிதும் ஈடுசெய்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா மரவள்ளிப் பயிரைப் பரப்புவதில் மிகுந்த ஆர்வம் காட்டினார். நாஞ்சில் வழக்கில் மரச்சீனி எனப்படும் இக்கிழங்கு ஏழையரின் அன்றாட உணவாயிற்று.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குச் சென்றதும் அரிசி வரவு நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிச்சோறு உண்ட வீடுகளும் மரச்சீனிக்கு மாறின. வயிற்றை நிரப்பும் இக்கிழங்கில் புரதம் மிகக் குறைவு. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ ஏழு கிராம் புரதம் இருக்க, அதே அளவு பச்சை மரச்சீனியில் இரண்டு கிராமுக்கும் குறைவாகவே உள்ளது. சாளை மீன் கிடைத்த கடற்கரை வீட்டுப் பிள்ளைக்கும், உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டு கிழங்கு மட்டும் உண்ட பிள்ளைக்கும் இடையிலான வேறுபாடு இங்கிருந்தே தொடங்குகிறது. வயிறு நிறைவதும் உடல் வளர்வதும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் கண்முன்னே கண்டனர்.

1956 நவம்பர் 1 அன்று நாஞ்சில் நாடு உள்ளிட்ட தென் திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மொழிவழியில் இது தமிழ்மக்கள் பெற்ற வெற்றி. உணவுவழியில் நோக்கினால், புதிய கேரளம் பிறந்த நாளிலேயே தன் நெற்களஞ்சியங்களுள் ஒன்றை இழந்தது. திருவனந்தபுரத்துப் பிள்ளையின் சோற்றுக்கும் அதன் தெற்கே வரையப்பட்ட எல்லைக்கும் உள்ள இவ்வுறவு போதிய கவனம் பெறவில்லை எனலாம்.

பள்ளியில் பகலுணவு

பிள்ளைக்கு உணவளிப்பது பெற்றோரின் கடமை மட்டுமன்று, அரசின் கடமையும் ஆகும் என்னும் எண்ணம் தென்னகத்தில் முன்னதாகவே வேரூன்றியது. பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு அளிக்க முடிவு செய்தது. தமிழகத்தில் 1956இல் காமராசர் காலத்திலும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். காலத்திலும் இத்திட்டம் விரிந்தது. திருவிதாங்கூரில் வஞ்சி ஏழையர் நிதி வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. 1960களில் ‘கேர்’ நிறுவனத்தின் உதவியால் அமெரிக்க மக்காச்சோள நொய்யில் கிண்டிய உப்புமாவும் பால்பொடிப் பாலும் கேரளப் பள்ளிகளுக்கு வந்தன. 1984இல் கேரள அரசு தன் சொந்தப் பொறுப்பில் பகலுணவைத் தொடங்கியபோது மீனவர் பகுதிப் பள்ளிகளே முதலில் தெரிந்தெடுக்கப்பட்டன. மீன் பிடிப்போர் பிள்ளைகளே உணவுக்கு முதல் உரிமை பெறும் நிலையில் இருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க முரணாகும்.

ஆய்வுலகம் கண்ட புதிர்

1951இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் 1952இல் அதனோடு இணைந்த ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையும் தொடங்கப்பட்டன. தாய்சேய் நலத்துக்கான இம்மருத்துவமனை, இளம் வயதில் மறைந்த அரசகுடும்பச் சிறுவனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி.ஜே. கீவர்கீஸ், இளைஞரின் கணையத்தில் கல் உண்டாகி நீரிழிவில் முடியும் நோயை 1960களில் விரிவாக ஆராய்ந்தார். நோயாளிகள் பெரும்பாலும் எலும்பும் தோலுமான ஏழையர். மரச்சீனியே காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிற்று. ஆயினும் அக்கருத்து உறுதிப்படவில்லை. நீரிழிவு என்றதும் பருமனை நினைக்கும் இக்காலத்தினர், அந்நகரின் நீரிழிவு வரலாற்றில் மெலிந்தவருக்கும் ஓர் இடமுண்டு என்பதை அறிதல் வேண்டும்.

1971இல் இந்நகரில் வளர்ச்சி ஆய்வு மையம் நிறுவப்பட்டது. அதன் அறிஞர்கள் தயாரித்து 1975இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட அறிக்கை ஒரு புதிரை முன்வைத்தது. கணக்குப்படி கேரளத்தார் உண்ணும் கலோரி இந்திய மாநிலங்களில் மிகக் குறைந்த அளவுகளுள் ஒன்று. ஆயினும் குழந்தை இறப்பும் குறைவு. மரச்சீனியும் தேங்காயும் கணக்கில் உரியவாறு சேரவில்லை என்று பி.ஜி.கே. பணிக்கர் சுட்டிக்காட்டினார். அவரும் மருத்துவர் சி.ஆர். சோமனும் 1984இல் வெளியிட்ட நூல், பொருளாதாரப் பின்னடைவும் நலவாழ்வு முன்னேற்றமும் ஒருங்கே நிலவும் முரணை விளக்கிற்று. பெண்கல்வியும் அருகிலிருந்த மருத்துவமனையும் தட்டிலிருந்த குறையை ஓரளவு ஈடுசெய்தன என்பது இவ்வாய்வுகளால் பெறப்படும் கருத்தாகும்.

அச்சம் திசைமாறுதல்

வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணம் 1970களுக்குப் பின் உணவுமுறையை மாற்றியது. 1880களில் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு தொடங்கிய அடுமனைத் தொழில், ‘பேக்கரி’ என்னும் பெயரில் தெருதோறும் பரவியது. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பஃப்ஸும் பழம்பொரியும் எளிய சிற்றுண்டியாயின. எடையைக் காணும் கண்ணும் மாறியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் புதிய குழந்தை வளர்ச்சி அளவைகளை வெளியிட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல், ஐந்து முதல் பதினெட்டு வயது வரையிலான இந்தியப் பிள்ளைகளுக்கு உரிய வரைபடங்களை வகுத்து, பருமனுக்கான எல்லையைத் தாழ்த்தியது. இதனால் நேற்றுவரை ‘கொழுகொழு’ எனக் கொஞ்சப்பட்ட பிள்ளை இன்று கண்காணிக்கப்பட வேண்டிய பிள்ளையாயிற்று.

2016 ஜூலையில் திருவனந்தபுரம் சட்டமன்றத்தில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பெயர்பெற்ற உணவக நிறுவனங்கள் விற்கும் பர்கர், பீட்சா, டோநட், பாஸ்தா முதலியவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தார். ‘கொழுப்பு வரி’ எனப் பெயர்பெற்ற இது இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. டென்மார்க் 2011இல் விதித்த ஒத்த வரி 2013 தொடக்கத்தில் கைவிடப்பட்டிருந்தது. கேரள வரியும் 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் மறைந்தது. ஓராண்டளவே நின்ற ஒரு வரியின் பயனை மதிப்பிட இயலாது. எனினும் அதன் குறியிலக்கு கருதத்தக்கது. அயல்பெயர் தாங்கிய உணவு வரிக்குள் வந்தது. தெருமுனைப் பேக்கரிப் பண்டம் வெளியே நின்றது. எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் இரண்டிலும் உள்ளன. உடலைக் குறித்த வரியாகச் சொல்லப்பட்டது, பண்பாட்டைக் குறித்த வரியாகவும் அமைந்துவிட்டது எனலாம்.

இரு கவலைகள், ஒரே காலம்

மெலிவு தீர்ந்துவிட்டதா என்னும் வினாவுக்குத் தேசியக் குடும்பநல ஆய்வின் எண்கள் விடையளிக்கின்றன. 2015–16இல் கேரளத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 16.1 விழுக்காட்டினர் எடை குறைந்தவர். 2019–21இல் இது 19.7 ஆக உயர்ந்தது. வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 19.7இலிருந்து 23.4 ஆயினர். அதே காலத்தில் எடை மிகுந்த குழந்தைகள் 3.4இலிருந்து 4.0 ஆகவும், எடை மிகுந்த பெண்கள் 32.4இலிருந்து 38.1 ஆகவும் பெருகினர். தாய் பருத்தும் சேய் மெலிந்தும் ஒரே மாநிலத்தில், சில இடங்களில் ஒரே கூரையின்கீழ், வாழும் நிலை இது. பருமனைப் பற்றிய பேச்சு மிகுந்த ஆண்டுகளிலேயே மெலிவும் மிகுந்தது என்பது இவ்வாய்வின் முதன்மைச் செய்தியாகும்.

2025இல் அங்கன்வாடியில் உப்புமாவுக்கு மாற்றாகப் பிரியாணி வேண்டும் என்று ஒரு சிறுவன் மழலையில் கேட்ட காணொளி கேரளமெங்கும் பரவியது. அரசு உணவுப் பட்டியலைத் திருத்தி முட்டை பிரியாணியைச் சேர்த்தது; சர்க்கரையையும் உப்பையும் குறைத்தது. நற்றிணைச் சிறுமி ஓடி ஒளிந்து மறுத்தாள்; இச்சிறுவன் கேட்டுப் பெற்றான். வளமனையின் உரிமையாக இருந்த ‘வேண்டாம்’ என்னும் சொல் அரசு தரும் உணவின்முன்னும் செல்லுபடியானது, அறுபது ஆண்டுப் பொதுஉணவு வரலாற்றின் நற்பேறாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. பிள்ளையின் எடை நாட்டின் எல்லை, இறக்குமதி, பயிர், கூலி ஆகியவற்றால் உருவாவது. எனவே அதற்குத் தாயை மட்டும் பொறுப்பாக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மெலிவுக்காலம், பருமன்காலம் என இரண்டாகப் பகுப்பது எண்களுக்கு ஒவ்வாது. இரண்டும் உடன் நிகழ்கின்றன. அயற்பண்டத்தைப் பழிப்பதைவிட, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளை விரும்பி உண்ணும் நல்லுணவை அளிப்பதே பயன்தந்த வழியாக இருந்துள்ளது. திருவனந்தபுரத்துத் தாயர் தம் பிள்ளையின் தட்டை நோக்கிக் கொள்ளும் கவலை நியாயமானது. அக்கவலையை அவர்களிடம் மட்டும் விட்டுவிடாத காலங்களிலேயே பிள்ளைகள் நன்கு வளர்ந்தனர் என்பதை வரலாறு உணர்த்துகிறது.