சும்மா நிற்பதும் ஆட்டம்தான்

பத்து வருஷம் பரதநாட்டியத்தின் அரைமண்டி போட்டுப் பழகிய கால்கள் என்னுடையவை. அந்தக் கால்களுக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை என்பதை எனக்குக் காட்டியவர் நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன்.

1939இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் பிறந்தவர். இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார். நியூயார்க் வந்து, 1961 முதல் 1964 வரை நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவில் ஆடினார். கடினமான அந்தப் பயிற்சி கைவந்த பிறகும், தெருவில் நடந்துபோகிறவர்கள் மேல்தான் அவர் கண் போனது. 1962இல் நியூயார்க்கின் ஜட்சன் நினைவு தேவாலயத்தில் இளம் கலைஞர்கள் கூடி, எதுவெல்லாம் நடனம் என்ற கேள்வியையே ஆடிக்காட்டினார்கள். பின்நவீனத்துவ நடனம் வேர்பிடித்தது அங்கேதான். பாக்ஸ்டன் அந்தக் கூட்டத்தின் தூண்களில் ஒருவர்.

1967இல் அவர் அமைத்த 'சாடிஸ்ஃபையின் லவர்' நடனத்தில் ஒரு பெருங்கூட்டம் மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடக்கிறது. சிலர் நடுவில் நிற்கிறார்கள். சிலர் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார்கள். அவ்வளவுதான். ஒருவர் நடை இன்னொருவருக்கு வராது என்பது பார்க்கப் பார்க்கத் தெரியும்.

1972 ஜனவரியில் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி ஜிம்மில் அவருடைய 'மெக்னீசியம்' என்ற நடனம் அரங்கேறியது. மெத்தைகளின் மேல் மாணவர்கள் மோதினார்கள், விழுந்தார்கள், உருண்டார்கள். கடைசியில் சில நிமிடங்கள் அசையாமல் நின்றார்கள். அப்படி நிற்கையில், விழுந்துவிடாமலிருக்க உடம்பு தானாகச் செய்துகொள்ளும் நுண்ணிய அசைவுகளை 'சிறிய நடனம்' என்றார் அவர். இருவர் தொட்டுக்கொண்டு, ஒருவர் எடையை ஒருவர் தாங்கி, அந்தக் கணத்தில் தோன்றியதை ஆடும் 'காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்' அதே ஆண்டில் உருப்பெற்றது.

பயிற்சி இல்லாதவர்கள் ஆடி அடிபட்டுக்கொள்வார்களோ என்ற கவலையில், 'காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்' என்ற பெயருக்குச் சட்ட உரிமை வாங்கிக் கட்டுப்படுத்தலாமா என்று அவரும் தோழர்களும் யோசித்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டு, 1975இல் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு செய்திமடல் தொடங்கினார்கள். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். கலையைக் காக்கப் பூட்டுப் போடாமல், பேசிப் பேசிக் காத்தார்கள். இன்று பல நாடுகளில் யாருடைய உரிமமும் இல்லாமல் அதை ஆடுகிறார்கள்.

அவருடைய 'சிறிய நடன'த்தைச் செய்து பார்க்க மொட்டைமாடியில் முதன்முதலாகக் கண்ணை மூடி நின்றபோது, என் கால்விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டன. எடை குதிகாலுக்குப் போய், மெல்ல விரல்களுக்குத் திரும்பியது. யாரும் சொல்லித்தராத ஆட்டம் அது.

2024 பிப்ரவரியில், 85ஆம் வயதில் பாக்ஸ்டன் காலமானார். இன்றிரவு ஐந்து நிமிடம் கண்ணை மூடி நின்று பாருங்கள். அவர் விட்டுச்சென்ற நடனம் உங்கள் பாதத்திலேயே இருக்கிறது.