மூளை நாளக் கோளாறில் இரத்தக்கசிவு: மீட்சியைக் கணிக்கும் அளவுகோல்களின் வரலாறு

மூளைக்குள் சில இடங்களில் தமனியும் சிரையும் நடுவே தந்துகிகள் இல்லாமல் நேராகப் பின்னிக் கிடப்பதுண்டு. மருத்துவர்கள் இதை ஏ.வி.எம். என்பார்கள். தமனியின் வேகத்தைத் தாங்கும் வலு சிரையின் மெல்லிய சுவருக்கு இல்லை. ஆகவே அந்த முடிச்சு ஒருநாள் கிழிந்து இரத்தம் கசியக்கூடும். இப்படிப் பாதிக்கப்படுவோரில் பலர் இளவயதினர். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தார் கேட்பது இரண்டே கேள்விகள்: பிழைப்பாரா? பிழைத்தால் பழையபடி நடமாடுவாரா? இக்கேள்விகளுக்கென்றே அமைந்த அளவுகோல்கள் கடந்த பத்தாண்டுகளில்தான் உருப்பெற்றன. அதுவரை மருத்துவம் கையாண்டவை வேறு தேவைகளுக்காக உருவானவை. அந்தக் கடன் எங்கிருந்து வந்தது, என்ன குறையோடு வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1927இல் லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் மூளை ஆஞ்சியோகிராமை அறிமுகப்படுத்தினார். உயிரோடிருப்பவரின் மூளை நாளங்களைப் படத்தில் காண அதுவே வழிவகுத்தது. அடுத்த ஆண்டே ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் மூளை நாளக் கட்டிகளைப் பற்றித் தனி நூல் எழுதினார்கள். வால்ட்டர் டாண்டியும் தம் அனுபவங்களை வெளியிட்டார். கைவைத்தால் இரத்தப் பெருக்கை அடக்க முடியாது என்ற அச்சம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. 1932இல் ஸ்வீடனின் ஹெர்பர்ட் ஆலிவெக்ரோனா ஒரு முடிச்சை முழுமையாக அகற்றிக் காட்டினார். அன்று முதல் அரை நூற்றாண்டுக்கு இத்துறையை ஆண்டது அறுவை மருத்துவரின் கேள்விதான்: இதை ஆபத்தின்றி எடுக்க முடியுமா?

அக்கேள்வியின் உச்சம் 1986இல் ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் நீல் மார்ட்டினும் வெளியிட்ட தரவரிசை. முடிச்சு 3 செ.மீ.க்குக் குறைவானால் 1 புள்ளி, 3 முதல் 6 வரை 2, அதற்கு மேல் 3. பேச்சு, அசைவு, பார்வை போன்றவற்றை ஆளும் பகுதியில் இருந்தால் 1 கூடும். இரத்தம் ஆழ்ந்த சிரைகள் வழியே வடிந்தால் இன்னொன்று. படத்தைப் பார்த்த சில நிமிடங்களில் கணக்கிடலாம். இன்றும் உலகெங்கும் இதுவே பொதுமொழியாக நிலைத்திருப்பதற்கு இந்த எளிமைதான் காரணம். ஆனால் நோயாளியின் வயதுக்கு இதில் இடமில்லை. கசிந்ததா, எவ்வளவு கசிந்தது, நினைவோடு வந்தாரா, கோமாவில் வந்தாரா என்பவற்றுக்கும் இல்லை.

நோயாளியின் நிலையை அளக்கும் மரபு தனியே வளர்ந்துகொண்டிருந்தது. கிளாஸ்கோ நகரில் ஜான் ரான்கின் 1957இலேயே பக்கவாதத்துக்குப் பிந்தைய ஊனத்தைத் தரப்படுத்தியிருந்தார். 1974இல் அதே நகரின் டீஸ்டேலும் ஜென்னட்டும் கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றைக் கொண்டு நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலைத் தந்தார்கள். இதற்கிடையே 1968இல் ஹண்ட், ஹெஸ் இருவரும் தமனி வீக்கம் வெடித்தவர்களுக்காக ஐந்து படிநிலைகளை வகுத்தார்கள். 1971இல் விம்பிள்டன் மருத்துவமனையொன்றில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டபின் கசிந்த இரத்தத்தின் அளவையும் இடத்தையும் உடனே காண முடிந்தது.

இந்த ஓடைகள் 2001இல் கலந்தன. சான் பிரான்சிஸ்கோவில் கிளாட் ஹெம்பில் குழுவினர் மூளைக்குள் இரத்தம் கசிந்த 152 பேரை ஆராய்ந்து ஐ.சி.எச். மதிப்பெண்ணை அமைத்தார்கள். கோமா அளவுகோலின் எண், 30 மி.லி.யைத் தொடும் அல்லது தாண்டும் இரத்தக்கட்டு, மூளை அறைகளுக்குள் கசிவு, சிறுமூளை அல்லது மூளைத்தண்டில் கசிவு, 80 வயதை எட்டியிருத்தல் ஆகிய ஐந்தும் அதன் உறுப்புகள். கூட்டுத்தொகை உயர உயர 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் உயர்ந்தது.

இந்த மதிப்பெண் ஏ.வி.எம். நோயாளிக்குப் பொருந்துமா? வயது விதியை மட்டும் பார்த்தாலே போதும். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களிடையே 80 என்ற எல்லை யாரையும் பிரித்துக் காட்டாது. இரத்த அழுத்தத்தால் சிதைந்த முதியவரின் நாளமும் இளைஞரின் ஏ.வி.எம். முடிச்சும் ஒரே விதமாகக் கசிவதில்லை. 1998இல் நியூயார்க்கின் கொலம்பியா குழு வெளியிட்ட ஆய்வில், கசிவுக்குப் பின் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நரம்புக் குறைபாடே எஞ்சவில்லை. 2009இல் வெளியான ஸ்காட்லாந்து மக்கள்தொகை ஆய்வும், பிற மூளைக் கசிவுகளைவிட ஏ.வி.எம். கசிவில் இறப்பு குறைவு என்று காட்டியது. ஆக, முதியவர்களைக் கொண்டு உருவாக்கிய கணக்கை அப்படியே வைத்தால் இளைஞரின் எதிர்காலம் இருப்பதைவிட இருண்டதாகத் தெரியும். இது சிறிய பிழையல்ல.

2010இல் மைக்கேல் லாட்டன் குழுவினர் ஸ்பெட்ஸ்லர்–மார்ட்டின் தரவரிசையோடு வயது, கசிவு, முடிச்சின் அடர்த்தி மூன்றையும் சேர்த்தார்கள். இதில் ஒரு விந்தை உண்டு: கசிந்தவருக்கு 0, கசியாதவருக்கு 1. அதாவது கசிவு சாதகமாக எண்ணப்படுகிறது. இரத்தக்கட்டு முடிச்சைச் சுற்றிய திசுவைப் பிரித்து அறுவைக்கு வழிவிடுகிறது. கசிவால் நேர்ந்த குறைபாடு முன்பே இருப்பதால் அறுவையால் புதிதாக இழப்பதும் குறைகிறது. அறுவையின் பலனைக் கணிக்க இது சரியான தர்க்கம். கசிந்து வந்தவரின் மீட்சியைக் கணிக்க இது மட்டும் போதாது.

இந்த இடைவெளியை நிரப்பவே 2016இல் சூரிச்சின் நைடெர்ட்டும் லாட்டன் உள்ளிட்டோரும் ஏ.வி.ஐ.சி.எச். மதிப்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முடிச்சின் அமைப்பைச் சொல்லும் கணக்கையும் கசிவின் கடுமையைச் சொல்லும் கணக்கையும் முதன்முறையாக அவர்கள் ஒன்றாக்கினார்கள். பின்னர் பல நாட்டு மருத்துவமனைகளின் நோயாளிகளிடமும் அது சோதிக்கப்பட்டது. 2020இல் அமெரிக்கக் குழுவொன்று இன்னும் சுருக்கமாக ஆர்.ஏ.ஜி.எஸ். அளவுகோலை முன்வைத்தது: ஹண்ட்–ஹெஸ் படிநிலை, வயது, ஆழ்சிரை வடிகால், முக்கியச் செயல்பகுதி. இங்கே வயதின் முதல் எல்லை 35. இந்நோயாளிகள் யார் என்பதை அறிந்து வகுத்த எல்லை அது. முடிச்சின் பருமனோ இதில் இடம்பெறவில்லை. அறுவை மருத்துவர் முதலில் அளந்த ஒன்று, மீட்சியைக் கணிக்கும்போது பின்னுக்குப் போய்விட்டது. வந்தபோது மூளை எந்த நிலையில் இருந்தது என்பதே முன்னுக்கு வந்திருக்கிறது. இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பமாக நான் இதையே கருதுகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சியாட்டிலின் கைரா பெக்கர் குழுவினர் 2001இல் சுட்டிக்காட்டியதுபோல, மோசமான கணிப்பைக் கேட்டு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கினால் நோயாளி இறக்கிறார். அந்த இறப்பு பிறகு கணிப்புக்குச் சான்றாகப் புள்ளிவிவரத்தில் சேர்கிறது. ஐ.சி.எச். மதிப்பெண் முதல் எல்லா அளவுகோல்களுக்கும் இந்தக் கறை படிந்திருக்கக்கூடும். மூளைக் கசிவுக்கான 2015ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி நெறி இதனால்தான், நோயாளி ஏற்கெனவே தம் விருப்பத்தைச் சொல்லியிராவிட்டால், உயிர்மீட்பு வேண்டாம் என்ற புதிய முடிவை, மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் முழு நாள் வரையேனும் தள்ளிவைக்கச் சொன்னது. வயதில் இளையவரும் மீளும் வாய்ப்பு மிகுந்தவருமான ஏ.வி.எம். நோயாளியிடம் மருத்துவர்கள் அதைவிடவும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். முதல் நாள் கணக்கிட்ட எண்ணை மட்டும் வைத்து எந்தக் குடும்பத்தையும் கைவிடச் சொல்லக் கூடாது.