நிரல் முதலா, உரையாடல் முதலா?

திறமூல மென்பொருள் திட்டம் ஒன்றில் புதிய வசதியை முன்மொழிபவருக்கு அடிக்கடி கிடைக்கும் விடை ஒன்று உண்டு: முதலில் நிரலை எழுதிக் காட்டுங்கள், பிறகு பேசலாம். அத்துறையின் ஆதி மரபே இதுதான் என்று பலரும் கருதுகின்றனர். ஆவணங்களை வரிசைப்படி வாசித்தால் வேறொரு வரலாறு புலப்படுகிறது.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்குரிய முதல் 'கருத்துக்கோரல்' குறிப்பை 1969 ஏப்ரலில் எழுதியவர் ஸ்டீவ் கிராக்கர். அப்போது அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவர். வலைப்பின்னலின் முதல் கணு அங்கு வந்து சேர்வதற்கே இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதே ஏப்ரலில் வெளியான மூன்றாம் குறிப்பு, இவ்வரிசையில் எவற்றையெல்லாம் எழுதலாம் என்று வரையறுத்தது. எடுத்துக்காட்டு இல்லாத கொள்கை நிலைப்பாடுகளையும், விடை காண முயலாத வினாக்களையும் அது வெளிப்படையாக ஏற்றது. ஒரு வாக்கியம் இருந்தால் போதும் என்றது. எழுத்தில் வந்ததெல்லாம் அதிகாரம் பெற்றது என்னும் எண்ணத்தையும், செப்பமுறாத ஒன்றை வெளியிடுவதில் உள்ள தயக்கத்தையும் தளர்த்துவதே அதன் நோக்கம். ஆகவே தொடக்கத்தில் உரையாடலே முந்தியது. நிரல் பின்னர் வந்தது.

'ஓடும் நிரல்' என்னும் முழக்கம் 1992ஆம் ஆண்டுக்கு உரியது. இணைய முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்த வேளையில், இணையக் கட்டமைப்பு வாரியம் பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் நெறிமுறை ஒன்றைத் தழுவிக்கொள்ள முற்பட்டது. பொறியாளர்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கூடிய பொறியாளர் கூட்டத்தில் டேவிட் கிளார்க் உரையாற்றினார். அரசர், அதிபர், வாக்கெடுப்பு ஆகியவற்றைத் தாங்கள் ஏற்பதில்லை என்றும், ஏறத்தாழ எட்டப்படும் உடன்பாட்டையும் ஓடும் நிரலையுமே நம்புவதாகவும் அவர் கூறினார். அம்முழக்கம் மேலிருந்து முடிவெடுக்கும் குழுக்களை நோக்கி எழுந்தது. வசதி கேட்டு வரும் பயனரைத் தடுப்பது அதன் இலக்கு அன்று. உடன்பாடு என்னும் சொல் அதில் நிரலுக்கு முன்பாகவே இடம்பெற்றிருப்பதும் நோக்கத்தக்கது.

1996இல் வகுக்கப்பட்ட இணையத் தர நடைமுறை இதை விதியாகவே ஆக்கியது. 'முன்மொழியப்பட்ட தரம்' என்னும் முதற்படிக்குப் பொதுவாக நிரலாக்கம் கட்டாயமில்லை. அடுத்த படிக்கு ஏற வேண்டுமெனில், தனித்தனியே எழுதப்பட்டு ஒன்றோடொன்று இயைந்து இயங்கும் இரண்டு செயலாக்கங்களேனும் தேவை. பேச்சைத் தொடங்க நிரல் கேட்கப்படவில்லை. முடிவை உறுதிசெய்யவே கேட்கப்பட்டது.

லினக்ஸின் வரலாற்றில் ஒரே நாள் இருமுறை வருகிறது. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் தம் புதிய இயங்குதளத்தைப் பற்றி மினிக்ஸ் பயனர்களிடம் அறிவித்து, என்னென்ன வசதிகள் வேண்டுமென்று கேட்டார். எந்த ஆலோசனையும் வரவேற்கப்படும், ஆனால் நிறைவேற்றுவதாக வாக்களிக்க இயலாது என்பது அவர் நிலை. 2000 ஆகஸ்ட் 25 அன்று, நிரலாளர்களிடையே நடந்த தொழில்நுட்ப விவாதம் ஒன்றில், பேச்சு மலிவானது, நிரலைக் காட்டு என்று அவரே எழுதினார். இரண்டாவது கூற்றே உலகெங்கும் பரவியது. முதலாவதை நினைவுகூர்வோர் குறைவு.

நிரலை முதலில் எழுதுவது எப்போதும் ஆதாயம் தருவதுமில்லை. லினக்ஸ் கருவகத்தின் அதிகாரபூர்வ வழிகாட்டியே இதற்கு ஒரு நிகழ்வைச் சான்று காட்டுகிறது. ஒலித்துறை நிரலாளர்கள் சிலர், ஒலி இடையில் அறுபடாமல் இயங்கும் பொருட்டு, பாதுகாப்புச் சட்டகத்தைப் பயன்படுத்தும் கூறு ஒன்றை எழுதி முடித்துக் கொண்டுவந்தனர். கருவகத்தாரோ அச்சட்டகத்தின் தவறான பயன்பாடு அது என்றனர். வள வரம்பு முறை வழியாகவே தீர்வு காண வேண்டும் என்பது அவர்கள் கருத்து. எழுதியவர்கள் தம் தீர்வைக் கைவிட மனமின்றிக் கசப்புற்றனர். சிக்கலை முதலில் பேசியிருந்தால் உழைப்பும் உறவும் மிஞ்சியிருக்கும். எழுதப்பட்ட நிரல் எழுதியவரைக் கட்டிப்போடும் என்பதே இதன் படிப்பினை.

பைத்தான் மொழி 2000ஆம் ஆண்டில் வகுத்துக்கொண்ட மேம்பாட்டு முன்மொழிவு முறை இவ்வனுபவங்களோடு ஒத்துப்போகிறது. முன்மொழிவை எழுதுமுன் கருத்தைப் பொதுவில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. ஏற்பு பெறுவதற்குமுன் மாதிரிச் செயலாக்கம் முற்றுப்பெற வேண்டியதில்லை. இறுதிநிலை அடையுமுன் அது முடிந்திருக்க வேண்டும். ஆயினும் இடைமுக நுணுக்கங்களைப் பற்றிய விவாதங்களைத் தீர்ப்பதில் ஓடும் நிரல் உதவும் என்பதையும் அது மறக்கவில்லை.

பராமரிப்பாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. யோசனை சொல்வோர் பலர், அதைச் செய்து முடித்துப் பல்லாண்டு காப்போர் சிலர். அச்சிலரில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். முடிவில்லாப் பேச்சு அவர்களின் நேரத்தைத் தின்றுவிடும். 'இப்போது இயலாது', 'செய்வதற்கு ஆள் இல்லை' என்று மறுக்கும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு.

ஆனால் அம்மறுப்பு வேறு, நிரல் இல்லாதவர் பேசவே கூடாது என்பது வேறு. தன் மொழியின் எழுத்து திரையில் பிழையாகத் தோன்றுவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் நிரலாளர் அல்லர், வாசகர். பார்வையற்றவருக்கு ஒரு செயலி எந்த இடத்தில் கைகொடுக்கவில்லை என்பதை அவரே அறிவார். பல மொழிகளும் பல எழுத்துகளும் வழங்கும் இந்தியா போன்ற நாட்டில், நிரலை நுழைவுச்சீட்டாக்கினால் வெளியே நிறுத்தப்படுபவர் இத்தகையோரே. சிக்கலை விளக்கிச் சொல்வதும் ஒரு பங்களிப்பே. தீர்வு சரியா என்பதை முடிவுசெய்யும் கட்டத்தில் நிரலைக் கேட்கலாம். சிக்கல் உண்டா என்று கேட்கும் கட்டத்தில் செவி போதும். 1969இன் மூன்றாம் குறிப்பு அதைத்தான் சொன்னது.